குடிச்சிட்டா

பாட்டிலைக் கண்டாலே கொட்டாவிக்கு ஆகாது. தூரத்தில் யாராவது அதைக் குலுக்கிக்கொண்டு வந்தால் போதும், உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். நாலு மாதம்கூட நிறையாத பிள்ளைக்கு அத்தனை வைராக்கியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அந்த ரப்பர் காம்பை அவள் வாய்க்குள் வைக்க முடியவில்லை.

கொட்டாவி என்பது அவள் பெயரில்லை. நல்ல நீளமான பெயர் ஒன்றை மூன்று பேர் கூடி உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் பிறந்த அன்று மற்றப் பிள்ளைகளைப் போல வீறிட்டு அழாமல், வந்தாச்சு, இப்போ என்னங்கிறீங்க என்று கேட்பது மாதிரி வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாளாம். அப்பன்காரன் அதைப் பார்த்துவிட்டு வைத்த பட்டம்தான் நிலைத்தது. நீளமான பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நின்றுபோனது.

அப்பன்காரன் பெயிண்டர். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஊரிலிருக்கும் பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். கறை பார்த்துப் பிரிக்க ஒருத்தி, டிரம்மில் போட ஒருவன், பிழியும் மெஷினுக்கு ஒருவன், சூடான ரோலரில் விட்டு எடுக்க இரண்டு பேர். கடைசியில் மடிப்பு. இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அந்த வேலையில் கொட்டாவியின் அம்மாவை மிஞ்ச அங்கே ஆளில்லை. மடிப்புக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எதிர்முனை பிடிக்கிறவள் ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. அவளுக்கு நெட்டச்சி என்று பெயர். இவளோ குள்ளம். ஏணியும் முக்காலியும் என்று கேலி செய்வார்கள், ஆனாலும் அந்த ஜோடி மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மடிப்புக்காரிக்குத் தும்மல் நிற்காது. சோப்புத் தூளும் பிளீச்சும் சேர்ந்து மூக்கை அரித்தன. பிறகு ஒருநாள் தும்மல் நின்றது. அதோடு சோப்பு வாசனை என்கிற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது அவளுக்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், இவளுக்கு ஏனென்று தெரியாது. நாத்தனார்தான் சிரிப்பாள். நீ வர்றது எனக்குப் படிக்கட்டிலேயே தெரிஞ்சுடும், ஒரு பெரிய சோப்புக் கட்டி ஏறி வர்ற மாதிரி இருக்கும் என்பாள்.

இந்த நாத்தனார் பெயிண்டருக்கு அக்கா. நாலு பெற்று நாலையும் ஆளாக்கி நாலு திசைக்கு அனுப்பியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பி பெண்டாட்டி பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பிறகு பையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். நல்லவள்தான். என்ன, தான் சொன்னது பலித்துவிட்டால் அதை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டுவாள். பலிக்காவிட்டால் மூச்சுவிட மாட்டாள்.

குழந்தை பிறந்து மூன்றாம் வாரமே அவள் சொன்னாள், நாளைக்கு ஒரு வேளையாவது பாட்டிலைக் காட்டிப் பழக்கு என்று. தாய் என்ன கல்லா, அவளுக்கு ஒரு காய்ச்சல் வராதா, வெளியே போக வேண்டி வராதா, பிள்ளை மாரையே நம்பியிருந்தால் அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். மடிப்புக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று பிரசவ வார்டில் நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. கொட்டாவிக்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. மூன்றாவதாக வந்தது மாரில் வாய்வைத்து உறிஞ்சும்போதுதான் இது நிஜம், இது இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அந்த வாயில் ரப்பரைக் கொண்டுபோய் வைக்க மனசு வரவில்லை. டின் பால் வீட்டு வாசலே தாண்டக்கூடாது என்றுவிட்டாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தப் பேச்சு முடியவேயில்லை.

பிறகு பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தான். மூன்றாம் மாடியில் ஜன்னல் ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது பலகை நழுவியது. உயிருக்கு ஒன்றுமில்லை, தொடை எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே கம்பி வைத்துக் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். ஆறு மாதமாகுமோ ஒரு வருஷமாகுமோ என்றார்கள். வீட்டில் சம்பாதிக்க மிச்சமிருந்தது மடிப்புக்காரியின் இரண்டு கைதான். சலவைக்கூடத்து சூப்பர்வைசரும் ஆள் அனுப்பிவிட்டான், மாதப் பிறப்புக்கு வந்தால் அவள் இடம் அவளுக்கு, வராவிட்டால் வேறு ஆள் என்று.

அதன் பிறகு வீட்டில் ஒரே வேலை, கொட்டாவிக்குப் பாட்டில் பழக்குவது. விடிகாலையில் மடிப்புக்காரி பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் மூடி ஃபிரிட்ஜில் வைப்பாள். மத்தியானம் நாத்தனார் அதை வெந்நீரில் நிறுத்திக் குளிர் போக்கி எடுத்துக்கொண்டு உட்காருவாள். அம்மா வாசனை பட்டால் பிள்ளை எடுக்காது என்று இவளைப் படிக்கட்டுக்கு விரட்டிவிடுவாள். படிக்கட்டில் உட்கார்ந்து மடிப்புக்காரி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். முதலில் நாத்தனாரின் பாட்டு கேட்கும், பிறகு கெஞ்சல், பிறகு துப்புகிற சத்தம், பிறகு அழுகை. மார் இரண்டும் கனத்துச் சட்டை நனைந்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பெரிய காம்பு, சின்னக் காம்பு, வளைந்த பாட்டில், ஸ்பூன், எல்லாம் பார்த்தாயிற்று. வாயில் பட்டதும் முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினாள் கொட்டாவி.

"அப்பவே சொன்னேன்" என்றாள் நாத்தனார். அதைத் தினமும் சொன்னாள்.

மாதம் பிறந்தது. வேலைக்குப் போகிற அன்று காலையில் மடிப்புக்காரி குழந்தைக்கு மூக்கு முட்டப் பால் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போதே அழுதாள். சலவைக்கூடத்தில் விரிப்பின் முனையைக் கையில் கொடுத்ததும் கை தானாக வேலை செய்தது. நெட்டச்சி எதிரில் வரும்போதெல்லாம் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். டீ நேரத்தில் தலையணை உறை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்ப் பாலைப் பீய்ச்சி, சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டில் வைக்கிற ஃபிரிட்ஜில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணி, என்ன பண்றா? குடிச்சாளா?"

"குடிச்சிட்டா..." என்றாள் நாத்தனார்.

அதற்குமேல் அவள் ஏதோ சொன்னாள். அந்நேரம் பார்த்துப் பக்கத்தில் பிழியும் மெஷின் தடதடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. மடிப்புக்காரிக்கு வேண்டியது காதில் விழுந்தாயிற்று. "குடிச்சிட்டாளாம்!" என்று ஒரு கத்தல் போட்டாள். டிரம்காரன் கை தட்டினான். கறை பிரிக்கிறவள் விசில் அடித்தாள். நெட்டச்சி இவளை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். ஃபோன் இன்னும் காதில்தான் இருந்தது. நல்லா இருப்பீங்க அண்ணி, நல்லா இருப்பீங்க என்று அதற்குள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அன்றைக்கு அந்த ஜோடி மடித்த விரிப்புகளைப் பார்த்து சூப்பர்வைசரே, போதும்மா, நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வை என்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கதவைத் திறந்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி நின்றாள். மடிப்புக்காரி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்க இல்லேன்னா நாங்க மூணு பேரும் நடுத்தெருவுல நின்னிருப்போம் என்றாள். நாத்தனார் கையை உருவிக்கொண்டு, சரி சரி, மொதல்ல கைகாலைக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கு, அது உன்னைத்தான் தேடுது என்றாள். பாட்டில் காலியாகிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கொட்டாவி மாரில் விழுந்த வேகத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் தினமும் அந்த ஒரு சொல்தான். டீ நேரத்தில் ஃபோன், குடிச்சாளா, குடிச்சிட்டா. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குடிச்சாளா, குடிச்சிட்டா. பால் கனமில்லாமல், கவலையில்லாமல், மடிப்புக்காரி நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டே போன மாதம் அது. சலவைக்கூடத்துத் தகரக் கூரைக்குக் கீழே வெயிலும் ரோலர் சூடும் சேர்ந்து ஆளை அவித்தன. கை விரல்களில் பிளீச் தின்ற இடமெல்லாம் உரிந்தது. வீட்டுக்கு வந்தால் கொட்டாவி மாரை விடமாட்டாள். உட்கார்ந்து குடிப்பாள், படுத்துக் குடிப்பாள், தூக்கத்திலும் குடிப்பாள். பகலெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் இத்தனை பசியா என்று ஒருநாள் கேட்டாள். வளர்ற பிள்ளை அப்படித்தான் என்றாள் நாத்தனார். கன்னம் கொஞ்சம் வற்றின மாதிரி இருக்கே என்றாள் இன்னொரு நாள். நீ நாள் முழுக்க வெளியே இருந்துட்டு வந்து பார்க்கிற, அப்படித்தான் தெரியும், நம்பலேன்னா இந்தத் துணியைப் பாரு, எத்தனை தடவை நனைச்சிருக்கா என்று கூடையை இழுத்துக் காட்டினாள். கூடை நிறைய ஈரத்துணி. மடிப்புக்காரி கூடையைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் ஊரார் படுக்கைக் கறையெல்லாம் படித்தவள். இது டீ, இது ரத்தம், இது கண் மை, இவன் தனியாகப் படுக்கவில்லை, இந்தம்மா ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று விரிப்பைப் பார்த்தே நெட்டச்சியிடம் சொல்லிச் சிரிக்கிறவள். அந்தக் கூடைத் துணியை எடுத்து ஒரு தடவை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பால் குடிக்கிற பிள்ளையின் துணியில் இருக்க வேண்டிய மஞ்சள் அதில் இல்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது. பார்க்கவில்லை. வெளுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. கொட்டாவி நிறையக் கொட்டாவி விட ஆரம்பித்தாள். சும்மா கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கறா பாரு என்று கட்டிலில் கிடந்த பெயிண்டரிடம் காட்டினாள் மடிப்புக்காரி. அவன் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. கால் வலி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சலவைக்கூடத்தில் பாய்லர் மக்கர் செய்தது. நீராவி இல்லாமல் ரோலர் சூடாகாது, ரோலர் இல்லாமல் மடிப்புக்கு வேலையில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, போய்ட்டு நாளைக்கு வாங்க என்றுவிட்டான் சூப்பர்வைசர். மடிப்புக்காரி ஓட்டமும் நடையுமாக வந்தாள். தன் கையாலேயே ஒரு நாளாவது பாட்டில் கொடுத்துப் பார்க்கலாம், அந்த வாய் சப்புக்கொட்டிக் குடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஆசை. படிக்கட்டு ஏறும்போது உள்ளே சத்தமே இல்லை. குடிச்சிட்டுத் தூங்கறா என்று நினைத்துக்கொண்டு, எழுப்பிவிடக்கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. நாத்தனார் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். கையில் பாட்டில் தலைகீழாக இருந்தது. பால் தொட்டிக்குள் விழுந்து, ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு சுழல் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது.

மடிப்புக்காரி கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். பாட்டிலை நிமிர்த்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மீந்ததா அண்ணி?" என்றாள் மடிப்புக்காரி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளே ஒரு வழி செய்து கொடுத்தாள்.

நாத்தனார் அந்த வழியில் போகவில்லை. போயிருக்கலாம். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ ஒரு நாளும் குடிக்கலம்மா" என்றாள்.

"மொத நாள் குடிச்சிட்டான்னு சொன்னீங்களே."

"குடிச்சிட்டா நானே கூப்பிடறேன்னுதான் சொல்ல வந்தேன். நீ பாதியிலேயே கத்திட்ட. பின்னால அத்தனை பேர் கை தட்டறாங்க. நல்லா இருப்பீங்க, நல்லா இருப்பீங்கன்னு நீ அழற. சாயங்காலம் வந்ததும் சொல்லிடலாம்னு வாசல்லயே நின்னேன். நீ என் கையைப் பிடிச்சுக் கண்ணுல வச்சுக்கிட்ட. எப்படிச் சொல்லுவேன்?"

"மறுநாள் சொல்லியிருக்கலாமே."

"இன்னிக்குப் பழகிடுவா, நாளைக்குப் பழகிடுவான்னு இருந்தேன். நாலு பெத்தவ, எனக்கு ஒரு பிள்ளையைக் குடிக்கவைக்கத் தெரியலேன்னு சொல்லணுமா உன்கிட்ட? சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்துடுவ. அப்புறம் இவனை யார் பார்க்கிறது?"

அப்படியென்றால் பகலெல்லாம் குழந்தை என்னதான் குடித்தது என்று மடிப்புக்காரி கேட்டாள். சர்க்கரைத் தண்ணீர் என்றாள் நாத்தனார். ஸ்பூனில் விட்டால் அதைக் குடித்தாள், அழுகை அடங்கியது, வெயிலுக்கும் நல்லதுதானே என்று கொடுத்தாள். முதலில் கொஞ்சம், பிறகு டம்ளர் டம்ளராக. சாயங்காலம்தான் அம்மா வந்துவிடுவாளே, ராத்திரியெல்லாம் மார் இருக்கிறதே, அதில் சரிக்கட்டிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மடிப்புக்காரி அறைக்குள் போனாள். பெயிண்டர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கம்பி வைத்த கால் தலையணைமேல் கிடந்தது. மெல்லிய சுவர், ஒற்றை அறை வீடு. நாள் முழுக்க அழுத அழுகையை அவன் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. எழுந்து நடக்க முடியுமா என்னால, நான் என்ன செய்யறது என்றான் சுவரிடம். பிறகு, நீயும் சந்தோஷமா இருந்த என்றான். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பார்களே, அது அவன்தான். அவனை அப்போது அடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

கொட்டாவி தரையில் துணியில் கிடந்தாள். தூங்கவில்லை. கண் பாதி திறந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வந்தால் காலை உதைத்துக்கொண்டு துள்ளுகிறவள் அசையவில்லை. மடிப்புக்காரி அவளை வாரியெடுத்து மாரில் வைத்தாள். காம்பு உதட்டில் பட்டும் உதடு பிடிக்கவில்லை. பால் தானாகச் சொட்டிக் கன்னத்தில் வழிந்தது. வாயை மெல்லத் திறந்தாள். குடிக்கத்தான் திறக்கிறாள் என்று அம்மா குனிந்தாள். நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். அது முடிவதற்குள் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு கால், பிறகு கண் மேலே செருகிக்கொண்டது.

மடிப்புக்காரி அலறிய அலறலில் கீழ்வீட்டுக்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பெயிண்டர் அப்போதுதான் திரும்பினான். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்துக் கம்பிக் காலோடு தரையில் விழுந்தான். தூக்கிவிட அங்கே யாரும் நிற்கவில்லை. நாத்தனார் கையில் கிடைத்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். முந்தின நாள் சலவைக்கூடத்திலிருந்து வந்து ஃபிரிட்ஜில் மீதியிருந்த ஒரு பாட்டில் பாலும் அந்தப் பைக்குள் போனது. பிள்ளை ஆஸ்பத்திரியில் விழித்தால் குடிக்க வேண்டுமே என்று எடுத்தாளாம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நாத்தனார் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இத்தனை சின்ன உடம்புக்குத் தண்ணீர் அதிகமாகப் போனால் ரத்தத்தில் இருக்கும் உப்பு இறங்கிவிடும், மூளை வீங்கிக்கொள்ளும், அதனால்தான் வலிப்பு என்று விளக்கினாள். பிழைப்பாளா என்று மடிப்புக்காரி கேட்டாள். பிழைப்பாள் என்றாள். அப்புறம் நல்லா இருப்பாளா என்று கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. உட்கார்ற வயசுல உட்கார்றாளா, நடக்கற வயசுல நடக்கறாளான்னு பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

மடிப்புக்காரி அதற்கும் தலையை ஆட்டினாள்.

பையிலிருந்த பாட்டிலை எடுத்து நாத்தனார் வார்டு நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அலசவில்லையா என்று கேட்டாள். இரண்டு தடவை அலசியது என்று நாத்தனார் சத்தியம் பண்ணினாள். நர்ஸ் இன்னொரு தடவை முகர்ந்தாள். ஓ, பாலே அப்படியா என்றாள். சில பேருக்குப் பாலைப் பீய்ச்சிக் குளிரில் வைத்தால் சோப்பு வாடை வந்துவிடும், கெட்டதெல்லாம் இல்லை, ஆனால் சில பிள்ளைகள் வாயில் வைக்காது, துப்பும். பீய்ச்சினவுடனே அடுப்பில் லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்றாள்.

மடிப்புக்காரி பாட்டிலை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

"சோப்பு வாடையா வருது அண்ணி?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மொதல்லயே தெரியும்மா. நீ வருஷக்கணக்கா சோப்புத் தண்ணியில நிக்கிறவ, பால்லயும் இறங்கிடுச்சுன்னு நினைச்சேன். உன் பால் நாறுதுன்னு ஒரு தாய்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"சூடு காட்டினா போதுமா?" என்று மடிப்புக்காரி நர்ஸைத் திரும்பக் கேட்டாள்.

"போதும்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். மடிப்புக்காரி பாட்டிலை மூடித் திருகினாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டேயிருந்தாள்.

வலிப்பு நின்றது. சில நாட்கள் மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். பெயிண்டரைக் கீழ்வீட்டுக்காரன் கவனித்துக்கொண்டான். நெட்டச்சி ஒரு சாயங்காலம் பார்க்க வந்தாள். கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்காமலே வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, எதிர்முனைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கு என்றாள். நல்லா மடிக்கிறாளா என்று கேட்டாள் மடிப்புக்காரி. சுருக்கம் விழுது என்றாள் நெட்டச்சி, அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், கொஞ்ச நாளைக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும், மாரில் குடித்தால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது, அதனால் பாட்டில்தான் என்று. மடிப்புக்காரி அப்போதே பீய்ச்சி நர்ஸ் அறை அடுப்பில் சூடு காட்டி ஆற்றிய பால். குழந்தையைத் தானே மடியில் போட்டுக்கொண்டு ஊட்டப் பார்த்தாள். கொட்டாவி பாட்டிலைத் தட்டிவிட்டுச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துத் தேடினாள், கிடைக்காமல் அழுதாள். அழக்கூடாத பிள்ளை அது. நர்ஸுக்கு இன்னும் எத்தனையோ கட்டில் இருந்தது.

"அம்மா இருந்தா எடுக்காது. நீங்க வெளியே போங்க. அந்தம்மா குடுக்கட்டும்" என்றாள்.

அந்தம்மா என்றது நாத்தனாரை. அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து யாரும் கூப்பிடாமல் எதையும் அவள் தொட்டதில்லை. மடிப்புக்காரி அவளைப் பார்த்தாள். வேறு யாராவது இருக்கிறார்களா என்று வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். பாட்டிலைக் கொடுத்தாள். வெளியே வந்து கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கதவில் கண்ணாடி இருந்தது, உள்ளே திரை போட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. பழைய படிக்கட்டு மாதிரிதான். முதலில் பாட்டுக் கேட்டது. நாத்தனாரின் குரல் நடுங்கியது, வரி மாறிப் பாடினாள். பிறகு கெஞ்சல். கொஞ்சம் அழுகை. அப்புறம் எல்லாம் அடங்கிப்போயிற்று. அந்த அமைதி எந்த அமைதி என்று மடிப்புக்காரிக்குத் தெரியவில்லை. மார் கனத்துச் சட்டை நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. நாத்தனார் காலிப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் ஈரம்.

"குடிச்சிட்டா" என்றாள்.

மடிப்புக்காரி எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. "குடிச்சிட்டா தாயி, முழுசும்" என்று நாத்தனார் மறுபடி சொன்னாள்.

மடிப்புக்காரி அவளைத் தாண்டி உள்ளே போனாள். கொட்டாவி தூங்கிக்கொண்டிருந்தாள், உதட்டோரம் ஒரு துளி பால். அதைத் துடைக்கவில்லை. நேரே வார்டு மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது.

திரும்பியபோது நாத்தனார் வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வேளைக்கும் அவள்தான் கொடுக்க வேண்டும்.